முப்பத்தேழு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வெப்பமானி

2000ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை, பிரபஞ்சத்தின் வடிவம் தட்டையானது, அதாவது வெளி வளைந்திருக்கவில்லை, என்று அறிவித்தது. ரோம் நகரின் சபியன்சா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவ்லோ டி பெர்னார்டிஸும், கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ லாங்கும் வழிநடத்திய குழு அது. திட்டத்தின் பெயர் பூமராங். ஏறத்தாழ 1.2 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை ஒரு பிளாஸ்டிக் பலூனில் தொங்கவிட்டு, அண்டார்டிகாவுக்கு மேலே பறக்கவைத்துத் திரட்டிய தரவு. பெருவெடிப்பின் மிச்ச ஒளியை அளக்கும் இந்தத் துறையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கோபி, டபிள்யூமேப், பிளாங்க் என்ற மூன்று செயற்கைக்கோள்களின் வரலாறாகவே அதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பலூன்களை விட்டுவிட்டால் அது பாதிக் கதைதான் என்பது என் கருத்து. செயற்கைக்கோள்கள் சாதித்ததன் பின்னாலும் பல இடங்களில் பலூன்தான் இருக்கிறது.

அளக்கப்பட்டது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை பிரபஞ்சம் சூடான, ஒளி ஊடுருவ முடியாத பிளாஸ்மாவாக இருந்தது. வெப்பநிலை ஏறக்குறைய 3000 கெல்வினுக்குக் குறைந்தபோது எலக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு சேர்ந்து அணுக்கள் உருவாயின. ஒளிக்கு வழி திறந்தது. அன்று கிளம்பிய ஒளி இன்றும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. இடையில் பிரபஞ்சம் சுமார் 1100 மடங்கு விரிந்துவிட்டதால், அந்த ஒளியின் அலைநீளமும் அத்தனை மடங்கு நீண்டு, நுண்ணலையாக மாறி, 2.725 கெல்வின் வெப்பநிலையுள்ள ஒரு பொருளின் கதிர்வீச்சாக நமக்குத் தெரிகிறது. இதைத்தான் பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணி என்கிறோம். நியூஜெர்சியில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் கண்டுபிடித்து, 1965இல் அறிவித்தார்கள்.

சராசரி வெப்பநிலையை அளந்ததோடு வேலை முடியவில்லை. வானத்தின் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் உள்ள வேறுபாட்டில்தான் விஷயம் இருக்கிறது. அந்த வேறுபாடு ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவே. ஒரு மீட்டர் ஆழமுள்ள தண்ணீர்த் தொட்டியில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு உயரமுள்ள அலையைத் தேடுவதற்குச் சமம். பிற்காலத்தில் விண்மீன் மண்டலங்களாகத் திரண்டவற்றின் விதைகள் இந்த ஏற்ற இறக்கங்கள்தான்.

இந்தக் கதிர்வீச்சு மிகப் பிரகாசமாக இருப்பது 160 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு அருகே, அதாவது மில்லிமீட்டர் அலைகளில். இங்கேதான் பூமியின் காற்று தொல்லை தருகிறது. ஆக்சிஜன் 60, 119 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளிலும், நீராவி 22, 183, 325 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளிலும் அலைகளை உறிஞ்சுகின்றன. உறிஞ்சுவது மட்டுமென்றால் சமாளித்துக்கொள்ளலாம். உறிஞ்சும் பொருள் அதே அதிர்வெண்ணில் தானும் கதிர்வீசும். காற்று 2.7 கெல்வினைவிடப் பல மடங்கு சூடானது. நீராவி அதில் சீராகக் கலந்திருப்பதும் இல்லை, திட்டுத்திட்டாக நகர்ந்துகொண்டே இருக்கும். தேடுவதோ வானத்தின் வெப்பத் திட்டுகளை. நடுவில் நிற்பதோ தானே திட்டுத்திட்டாக ஒளிரும் காற்று. சிலியின் அடகாமா பாலைவனமும் தென்துருவமும் வறண்ட இடங்கள் என்பதால் அங்கே 95, 150, 220 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளில் ஓரளவு தெளிவான சன்னல்கள் கிடைக்கின்றன. அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களுக்குப் போகப் போக அங்கும் நிலைமை மோசமாகிறது. சுமார் 37 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் காற்றின் 99.5 சதவீதம் கீழே தங்கிவிடும். நீராவி ஏறக்குறைய முழுவதுமே கீழேதான்.

பலூன்கள் இந்தத் துறைக்குள் நுழைந்தது ஒரு குழப்பத்தைத் தீர்ப்பதற்காக. பென்சியாஸும் வில்சனும் அளந்தது 7.35 சென்டிமீட்டர் அலைநீளத்தில். அது நிறமாலையின் ஒரு ஓரம் மட்டுமே. பெருவெடிப்பின் மிச்சம்தான் இது என்று சொல்ல வேண்டுமானால், உச்சியைத் தாண்டி மறுபுறம் அது சரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். 1968இல் கந்தையா சிவானந்தன், ஜேம்ஸ் ஹவுக், மார்ட்டின் ஹார்விட் ஆகியோர் ராக்கெட்டில் ஒரு தொலைநோக்கியை ஏற்றி, மில்லிமீட்டருக்குக் கீழான அலைநீளங்களில் அளந்தார்கள். 8 கெல்வினுக்கு மேற்பட்ட வெப்பநிலைக்குரிய அளவு ஒளி வந்தது. அது உண்மையென்றால் எளிமையான பெருவெடிப்புச் சித்திரமே ஆட்டம் கண்டுவிடும். ராக்கெட்டுக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். பலூனுக்குப் பல மணி நேரம். எம்ஐடியின் டர்க் மியூல்னரும் ரெய்னர் வைஸும் பலூன் அளவீடுகளில் இறங்கினார்கள். 1973இல் வெளியான அவர்களது முடிவுகள், 2.7 கெல்வின் கரும்பொருள் (தன் மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சி, வெப்பநிலைக்கேற்ப மட்டுமே ஒளிரும் பொருள்) கதிர்வீச்சோடு ஒத்துப்போயின. ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததற்காக 2017இல் நோபல் பரிசு பெற்றவர் இதே வைஸ்தான்.

பலூன்கள் எப்போதும் சரியாகவே சொல்லிவந்தன என்று கட்டுக்கதை சொல்லவும் விருப்பமில்லை. 1970களின் இறுதியில் டேவிட் வுடியும் பால் ரிச்சர்ட்ஸும் பலூனிலிருந்து அளந்த நிறமாலை, கரும்பொருள் வளைவிலிருந்து சற்று விலகியிருந்தது. அந்த விலகலை விளக்கக் கோட்பாட்டாளர்கள் தாள் தாளாக எழுதினார்கள். 1990இல் கோபி செயற்கைக்கோள் காட்டிய நிறமாலை கச்சிதமான கரும்பொருள் வளைவாக இருந்தது; விலகல் காணாமல் போனது. ஒரு நிறமாலையை முழுத் துல்லியத்தோடு அளக்க, மாசற்ற சூழலில் மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது பலூனால் முடியாத காரியம்.

ஆனால் ஒரு சிறு வானப் பகுதியைக் கூர்மையாகப் படம்பிடிப்பது முடியும். பூமராங் செய்தது அதைத்தான்.

மெக்மர்டோ ஆய்வுத் தளத்தை ஒட்டிய பனித் தகட்டிலிருந்து 1998 டிசம்பர் 29 அன்று அது கிளம்பியது. இத்தகைய பலூனின் உறை, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமனுள்ள பாலிஎத்திலீன். தரையில் இருக்கும்போது அதன் உச்சியில் மட்டும் ஒரு சிறு குமிழ் அளவுக்கு ஹீலியம் நிரப்புவார்கள். மீதி உறை வெறும் நீண்ட துணிபோலத் தொங்கும். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. மிதக்கும் உயரத்தில் அழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான். அதற்கேற்ப ஹீலியம் விரிந்து உறை முழுவதையும் நிரப்புகிறது. மிகுதியான வாயு அடியிலுள்ள குழாய்கள் வழியே வெளியேறிவிடும். இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. இரவு வந்தால் வாயு குளிர்ந்து சுருங்கும், பலூன் இறங்கத் தொடங்கும். எடையைக் கீழே கொட்டித்தான் உயரத்தைத் தக்கவைக்க முடியும். கொட்டுவதற்கு எவ்வளவு எடையைத்தான் தூக்கிக்கொண்டு போவது? இந்தியாவில் ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளம் 1 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியை அனுப்பி விண்மீன்கள் பிறக்கும் இடங்களை ஆராய்ந்தது. அப்படிப்பட்ட பயணங்களின் நீளம் சில மணி நேரம்தான்.

அண்டார்டிகாவின் கோடையில் சூரியன் மறைவதில்லை. ஆகவே வாயு குளிர்வதும் இல்லை. அதோடு அந்தப் பருவத்தில் அந்த உயரத்தில், அதாவது ஸ்ட்ராடோஸ்பியரில், காற்று துருவத்தைச் சுற்றி வட்டமாக வீசுகிறது. பலூன் கண்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கு அருகிலேயே வந்து சேரும். பூமராங் பத்து நாட்களுக்குச் சற்று அதிகமாகப் பறந்து, புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இறங்கியது.

மறையாத சூரியனுக்கு ஒரு விலை உண்டு. தொலைநோக்கிக்குள் சூரிய வெப்பம் துளியும் எட்டிப்பார்க்கக் கூடாது. எனவே பெரிய மறைப்புத் தகடுகள். பார்வை எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம். இன்னொரு விலையும் உண்டு: பூமியின் காந்தத் துருவத்துக்கு அருகே காஸ்மிக் கதிர்கள் தாராளமாக வந்து விழும். பின்னணிக் கதிர்வீச்சை அளக்கும் போலோமீட்டர் என்பது மிகமிக நுண்ணிய வெப்பமானி. கதிர்வீச்சை உறிஞ்சும் சிறு தகடு, அது சூடேறும் அளவைச் சொல்லும், ஜெர்மானியம் என்ற தனிமத்தின் ஒரு துணுக்கு, இவ்வளவுதான் அதன் அமைப்பு. ஒரே ஒரு காஸ்மிக் துகள் அந்தத் தகட்டில் மோதினாலும் குறிப்பில் ஒரு கூர்முனை எழும்பி, சற்று நேரத்துக்குத் தரவு வீணாகிவிடும். இதற்குக் கண்ட வழிதான் எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி. தகட்டுக்குப் பதிலாக, சிலிக்கான் நைட்ரைடில் சிலந்திவலை வடிவத்தில் ஒரு சட்டம் செய்து, அதன் மேல் உலோகப் பூச்சுக் கொடுத்தார்கள். மில்லிமீட்டர் அலைக்கு அந்த வலையின் ஓட்டைகள் மிகச் சிறியவை. வலையை முழுத் தகடாகவே அது கருதும். காஸ்மிக் துகளோ ஓட்டைகள் வழியே நேராகப் போய்விடும். வலையின் எடையும் குறைவு என்பதால் விரைவாகச் சூடாகி விரைவாக ஆறும். திரவ நைட்ரஜன், திரவ ஹீலியம், கடைசியில் ஹீலியம்-3 எனப் படிப்படியாகக் குளிர்வித்து இந்த உணரிகளை 0.28 கெல்வினில் வைத்திருந்தார்கள்.

அவ்வளவு செய்தும் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். பதிவில் தெரியும் ஏற்ற இறக்கம் வானத்திலிருந்து வந்ததா, கருவியிலேயே பிறந்ததா? தொலைநோக்கியைப் பக்கவாட்டில் 60 பாகை அகலத்துக்கு இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். சில நாட்கள் நொடிக்கு 1 பாகை வேகத்தில், சில நாட்கள் 2 பாகை வேகத்தில். வானத்தில் ஒரு பாகை அகலமுள்ள வெப்பத் திட்டு முதல் வேகத்தில் ஏறக்குறைய ஒரு நொடித் துடிப்பாகப் பதிவாகும். இரண்டாவது வேகத்தில் அரை நொடித் துடிப்பாகும். கருவியின் மின்சுற்றில் பிறந்த இரைச்சலுக்குத் தொலைநோக்கி எந்த வேகத்தில் ஆடுகிறது என்பது தெரியாது. அது தன் போக்கில் அதே கால அளவில் துடித்துக்கொண்டிருக்கும். இரண்டு வேகத்திலும் எடுத்த படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வானம் மறைந்து இரைச்சல் மட்டும் மிஞ்ச வேண்டும். அப்படியே மிஞ்சியது. நான்கு அதிர்வெண்களில் அளந்ததும் இதே சந்தேகத்தின் காரணமாகத்தான்: 90, 150, 240 கிகாஹெர்ட்ஸ் படங்களில் ஒரே திட்டுகள் பின்னணிக் கதிர்வீச்சுக்குரிய விகிதத்தில் தெரிந்தன. 400 கிகாஹெர்ட்ஸ் படம், நம் பால்வீதியின் தூசு எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டியது.

அந்தத் திட்டுகளின் அளவிலிருந்து பிரபஞ்சத்தின் வடிவத்துக்கு எப்படிப் போகிறார்கள்? ஆதிப் பிளாஸ்மாவில் ஒலி அலைகள் பரவிக்கொண்டிருந்தன. ஈர்ப்பு உள்ளே அழுத்த, ஒளியின் அழுத்தம் வெளியே தள்ள, நெருக்கமும் தளர்வுமாக அலைந்தன. 3,80,000 ஆண்டுகளில் ஓர் ஒலி அலை எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்பதை இயற்பியலிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். ஆக, மிக அழுத்தமாகத் தெரியும் திட்டுகளின் உண்மை நீளம் தெரியும். அந்த நீளத்தை அடிப்பக்கமாகவும் நம்மை உச்சியாகவும் கொண்ட ஒரு மாபெரும் முக்கோணத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வெளி தட்டையானது என்றால் உச்சிக் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை. வெளி கோளம்போல வளைந்திருந்தால் அதே திட்டு அதைவிடப் பெரிதாகத் தெரியும். எதிர்ப்புறமாக வளைந்திருந்தால் சிறிதாகத் தெரியும். பூமராங் படத்தில் அது ஏறத்தாழ ஒரு பாகை. பிரபஞ்சத்தின் மொத்த அடர்த்தி, தட்டையான வெளிக்குத் தேவையான அடர்த்தியில் 0.88 மடங்குக்கும் 1.12 மடங்குக்கும் இடையில் இருக்கிறது என்று கட்டுரை சொன்னது. முழு வானத்தில் ஒரு சதவீதப் பகுதியை மட்டும் வைத்து எட்டிய முடிவு இது!

எந்த அளவுத் திட்டுகள் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகின்றன என்று வரையும் வளைவில், ஒரு பாகை அளவில் ஓர் உச்சம் எழும். சரியாகச் சொன்னால், அந்த உச்சத்தின் சாயலை முதலில் கண்டது பூமராங் அல்ல. சிலியின் செர்ரோ டோகோ மலையிலிருந்து அளந்த குழுவும், 1997இல் டெக்சாஸில் நடந்த பூமராங்கின் சோதனைப் பறப்பும் அதை ஏற்கெனவே காட்டியிருந்தன. சந்தேகத்துக்கு இடமில்லாத படத்தைத் தந்தது அண்டார்டிகப் பறப்பு. நேச்சர் கட்டுரை வெளிவந்த சில வாரங்களிலேயே மாக்ஸிமா என்ற இன்னொரு பலூன் குழு, டெக்சாஸின் பாலஸ்டைன் ஊரிலிருந்து ஒரே இரவு பறந்து எடுத்த அளவீட்டோடு வந்து அதையே சொன்னது. தொலைதூர சூப்பர்நோவாக்கள் 1998இல் காட்டிய வேகமேறும் விரிவோடு இதைச் சேர்த்துப் பார்த்தபோது, பொருள் மட்டும் தட்டையான வெளிக்குப் போதாது, மீதியைக் கரும் ஆற்றல்தான் நிரப்புகிறது என்ற சித்திரம் நிலைபெற்றது.

ஒரு சறுக்கலையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதே வளைவில் ஒலி அலைகளின் இரண்டாவது உச்சம் 2000ஆம் ஆண்டு முடிவுகளில் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக இருந்தது. சாதாரணப் பொருளின் அளவு பற்றி அணுக்கரு இயற்பியல் சொன்ன கணக்கோடு அது இடித்தது. புதிய இயற்பியல் தேவைப்படுமோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. காரணம் அவ்வளவு கவர்ச்சியானது அல்ல. கயிற்றில் தொங்கும் தொலைநோக்கி எந்த நொடியில் எங்கே பார்த்தது என்ற கணக்கில் இருந்த நடுக்கத்தைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். அதனால் நுண்ணிய திட்டுகள் மங்கிப்போயிருந்தன. 2001இல் அந்தக் கணக்கைச் சீர்செய்து, கூடுதல் தரவையும் சேர்த்தபோது உச்சம் தன் இடத்துக்கு வந்தது.

டபிள்யூமேப் 2003இலும் பிளாங்க் 2013 முதலும் முழு வானத்தின் படங்களை வெளியிட்டபின் பூமராங்கின் எண்கள் பழையவை ஆகிவிட்டன. ஆனால் பிளாங்கின் உயர் அதிர்வெண் கருவியில் இருந்தவை அதே சிலந்திவலைப் போலோமீட்டர்கள். அந்தக் கருவியை 0.1 கெல்வினுக்குக் குளிர்வித்த முறையை, ஸ்வீடனின் கிருணாவிலிருந்து 2002 பிப்ரவரியில் துருவ இரவுக்குள் பறந்த ஆர்க்கியோப்ஸ் பலூன் முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருந்தது. விண்வெளியில் ஒரு கருவி கெட்டுப்போனால் அத்தோடு போயிற்று. பலூனில் கெட்டுப்போனால் திரும்பக் கொண்டுவந்து, பிரித்துப் பார்த்து, மறு வருடம் அனுப்பலாம். பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு கருவியின் பிறப்பு முதல் தரவு வரை கூடவே இருந்து கற்பதும் இதனால்தான் சாத்தியமாகிறது.

திரும்பக் கொண்டுவருவது என்று எளிதாக எழுதிவிட்டேன். பாராசூட்டில் இறங்குவதுதான் இந்தத் தொழிலின் மிகக் கொடூரமான கட்டம். பிளாஸ்ட் என்ற தொலைநோக்கி பின்னணிக் கதிர்வீச்சை அளக்கவில்லை, அதன் பக்கத்து அலைநீளங்களில் தூசு மூடிய விண்மீன் மண்டலங்களைப் பார்த்தது. 2006-07 பருவத்தில் அண்டார்டிகாவில் தரையிறங்கியபோது அதன் பாராசூட் கழன்றுகொள்ளவில்லை. காற்று அதைப் பனியின் மேல் சுமார் 200 கிலோமீட்டர் இழுத்துச் சென்றது. தொலைநோக்கி சிதைந்தது, தரவுத் தட்டுகள் இருந்த உறை வழியில் கழன்று விழுந்து கிடந்ததைத் தேடிக் கண்டெடுத்தார்கள். ஈபெக்ஸ் என்ற இன்னொரு திட்டம் 2012 டிசம்பரில் கிளம்பியதும், தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரின் கட்டுப்பாட்டுச் சுற்று அளவுக்கு மீறிச் சூடானது. அதன்பின் குறிபார்க்க வழியில்லை. தொலைநோக்கி தன்பாட்டில் சுழன்றபடி பார்த்ததே தரவானது. காற்றில்லாத இடத்தில் வெப்பத்தைக் கொண்டுபோக ஆளில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் பலூன் கருவிகள் குளிரில் சாவதைவிடச் சூட்டில் சாவதே அதிகம் என்று தோன்றுகிறது.

கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் போட்டி முனைவாக்கத்தை நோக்கித் திரும்பிவிட்டது. பின்னணிக் கதிர்வீச்சின் அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதில், 'பி-வகை' எனப்படும் சுழல் வடிவம் ஒன்று இருந்தால், அது பிரபஞ்சத்தின் முதல் நொடிக்குள் நடந்ததாகக் கருதப்படும் அதிவேக விரிவான பெருவீக்கத்தின் ஈர்ப்பலைச் சுவடாக இருக்கலாம். 2014 மார்ச்சில் தென்துருவத்தின் பைசெப்2 குழு அதைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. அவர்கள் அளந்தது பெரும்பாலும் 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில். பால்வீதியின் தூசும் முனைவாக்கப்பட்ட ஒளியை உமிழ்கிறது; அதிர்வெண் கூடக் கூட அது வலுக்கிறது. பிளாங்கின் 353 கிகாஹெர்ட்ஸ் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, கண்ட சமிக்ஞையைத் தூசே விளக்கிவிடும் என்று 2015 தொடக்கத்தில் தெரிந்தது. தூசை அதன் வீட்டிலேயே போய்ப் பிடிக்க வேண்டுமானால் உயர் அதிர்வெண்கள் வேண்டும். தரையிலிருந்து அது கடினம். பலூனுக்கு அது இயல்பான களம்.

ஸ்பைடர் என்ற பலூன் பி-வகைச் சுவடைத் தேடவே உருவானது. ஒரே திரவ ஹீலியம் தொட்டிக்குள் ஆறு தொலைநோக்கிகள். 2015 ஜனவரித் தொடக்கத்தில் பறந்து, இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமாக 95, 150 கிகாஹெர்ட்ஸில் அளந்தது. மேற்கு அண்டார்டிகாவில் இறங்கிய அதன் தரவுத் தட்டுகளைப் பிரிட்டிஷ் அண்டார்டிகா ஆய்வு அமைப்பினர் போய் எடுத்துவந்தார்கள். ஈர்ப்பலைச் சுவடின் வலிமையைக் குறிக்கும் விகிதம் 0.11க்குக் கீழ்தான் இருக்க முடியும் என்று 2021இல் முடிவு வந்தது. அதே ஆண்டில் பைசெப் குழுவினர் தென்துருவத் தரையிலிருந்து அந்த உச்சவரம்பை 0.036க்கு இறக்கிவிட்டார்கள். இந்தச் சுற்றில் பலூன் தோற்றது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடலாம். தரையிலிருக்கும் தொலைநோக்கி காற்றோடு மல்லுக்கட்டினாலும் வருடக்கணக்கில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு வாரப் பறப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்தக் கால அளவுக்கு ஈடாகாது. 280 கிகாஹெர்ட்ஸ் உணரிகளோடு 2022-23 பருவத்தில் ஸ்பைடர் மறுபடி பறந்ததை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்: தரைத் தொலைநோக்கிகள் போக முடியாத அதிர்வெண்ணில், அவற்றுக்கும் பயன்படும் தூசுப் படம்.

தரைக்குப் பிடிபடாத இன்னொன்று, வானத்தில் பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் விரியும் மிகப் பெரிய முனைவாக்கத் திட்டுகள். முதல் விண்மீன்களின் ஒளி பிரபஞ்சத்தின் வாயுவை மறுபடி அயனியாக்கிய காலத்தின் தடம் அங்கே இருக்கிறது. அதைப் பிடிக்கப் பெரும்பகுதி வானத்தையும் பார்க்க வேண்டும், மாதக்கணக்கில் பறக்கவும் வேண்டும். பூசணிக்காய் வடிவத்தில் உள்ளழுத்தம் குறையாமல் இறுக மூடிய புதுவகைப் பலூன்கள் இரவில் சுருங்குவதில்லை. நியூசிலாந்தின் வனாகாவிலிருந்து கிளம்பிய அத்தகைய பலூன்கள் 40 நாட்களையும் தாண்டிப் பறந்திருக்கின்றன. டாரஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு திட்டம் அங்கிருந்து பின்னணிக் கதிர்வீச்சை அளக்கத் தயாராகிவருகிறது. பலூன் தாக்குப்பிடித்தால் மட்டும் போதாது, தொட்டியிலுள்ள திரவ ஹீலியமும் அத்தனை நாள் தீராமல் இருக்க வேண்டும். அந்த வகைப் பலூன் தூக்கும் எடையோ அண்டார்டிகப் பலூன்களைவிடக் குறைவு. ஆகவே இப்போது பொறியாளர்கள் ஒவ்வொரு கிலோவாகக் குறைத்துக்கொண்டிருப்பது தொட்டியின் எடையைத்தான்.